வாய்ப்புண்ணுக்கு லைட்டா, ஐஸா? ஸ்டெம் செல் ட்ரான்ஸ்பிளாண்ட்டுக்குப் போற பிள்ளைங்களுக்கு எது?

கோலாலம்பூர்ல மலாயா பல்கலைக்கழக ஆஸ்பத்திரில 1987-லயே பிள்ளைங்களுக்கு போன் மேரோ (எலும்பு மஜ்ஜை, இதுவும் ஸ்டெம் செல் ட்ரான்ஸ்பிளாண்ட்தான்) மாத்த ஆரம்பிச்சாச்சு, ஆனா இன்னைக்கும் பிள்ளையோட உள்ள போற அம்மா அப்பா நிறைய பேருக்கு வாய்ப்புண்ணப் பத்தி முன்கூட்டியே யாரும் விளக்கமா சொல்றதில்ல. ட்ரான்ஸ்பிளாண்ட்டுக்கு முன்னாடி குடுக்குற ஹை டோஸ் கீமோ முடிஞ்சு ஒரு வாரம் போல ஆனதும் வாய் உள்ள தோல் உரிஞ்சு, எச்சில் முழுங்கவே பிள்ள அழும், கடுமையான வலிக்குக் குடுக்குற மோர்ஃபின் வரைக்கும் போகும். அதோட எதிர்ப்பு சக்தியே இல்லாத நேரத்துல அந்தப் புண்ணு வழியா கிருமி ரத்தத்துல ஏறிடும், அதான் பெரிய பயம்.

ஐஸ் சுலபமான வழி. கீமோ ஏறுறப்போ வாயில ஐஸ் வச்சா ரத்தக்குழாய் சுருங்கி மருந்து அந்தப் பக்கம் கம்மியா போகும். ஆனா இது மெல்ஃபலான்ங்கற கீமோ மருந்து மாதிரி கொஞ்ச நேரத்துல ஏத்தி முடிக்கிற, உடம்ப விட்டு சீக்கிரம் போயிடுற மருந்துக்குத்தான் சரி. தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைங்களுக்கு அதிகமா குடுக்குற புசல்ஃபான்ங்கற கீமோ நாள்கணக்குல போகும், அதுக்கு எவ்வளவு நேரம்தான் ஐஸ் வைக்கிறது? சின்னப் பிள்ளைங்க அஞ்சு நிமிஷத்துல துப்பிடுங்க, அதட்டி வாயில திணிக்கவும் கூடாது, தொண்டைல மாட்டிக்கும். சொன்னாக் கேக்குற வயசுப் பிள்ளைக்கு மெல்ஃபலான்னா தாராளமா வைக்கலாம், தண்ணி மட்டும் வார்டுல சொல்றபடி சுத்தமானதா இருக்கணும்.

லைட்டுங்கறது ஃபோட்டோபயோமாடுலேஷன். லேசர்னு கேட்டதும் சுட்டுடுமோன்னு பதறாதீங்க, சூடே தெரியாது. 620-லருந்து 750 நானோமீட்டர் வரைக்கும் உள்ள சிவப்பு வெளிச்சம், செல்லுக்குள்ள சக்தி உண்டாக்குற மைட்டோகாண்ட்ரியா அத உறிஞ்சி திசு தன்னத்தானே சரிபண்ண உதவுது. பிள்ளைக்கு கண்ணாடி மாட்டிவிட்டு, பேனா மாதிரி ஒரு முனைய கன்னத்து உள்பக்கம், உதட்டு உள்பக்கம், நாக்கு ஓரம், நாக்கு அடின்னு ஒவ்வொரு இடமா வச்சு வச்சு எடுப்பாங்க. எந்த கீமோவா இருந்தாலும் இது பொருந்தும், அதான் என்னைப் பொறுத்தவரை இதோட பெரிய பலம். 2020-ல வந்த சர்வதேச வழிகாட்டி ட்ரான்ஸ்பிளாண்ட் நோயாளிகளுக்கு இதப் பரிந்துரைக்குது, பிள்ளைங்களுக்கான வழிகாட்டியும் அதையேதான் சொல்லுது. கஷ்டம் எங்கன்னா மெஷின் வேணும், பழகின ஆள் வேணும், புண்ணு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு நாள் தவறாம பண்ணணும், பிள்ள வாயத் தொறந்து வச்சிருக்கணும்.

வாய் உள்தோல் வளரத் தூண்டுற பாலிஃபெர்மின் ஊசி ஒண்ணு இருக்கு, பிள்ளைங்களுக்கு வழக்கமா வேண்டாம்னுதான் வழிகாட்டி சொல்லுது. குளோர்ஹெக்சிடின்ங்கற கிருமிநாசினி போட்டு கொப்பளிச்சா இந்தப் புண்ணு வராம தடுக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. மெத்து பிரஷ்ஷால பல் தேய்க்கிறத மட்டும் எந்த வழி எடுத்தாலும் விட்டுடாதீங்க.

என் கருத்து, முதல்ல டாக்டர்ட்ட என்ன கீமோன்னு கேளுங்க. மெல்ஃபலான், பிள்ளையும் பெருசுன்னா ஐஸ், லைட்டும் கிடைச்சா அதையும் சேர்த்துக் கேளுங்க. மத்த கீமோவுக்கும் கைக்கொழந்தைக்கும் லைட்டுதான். அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி டென்டல் பிரிவுல மெஷின் இருக்கா, சனி ஞாயிறும் பண்ணுவாங்களான்னு விசாரிச்சு வைங்க, இல்லன்னா வேற எங்க இருக்குன்னு அப்பவே டாக்டர்ட்ட பேசிடுங்க.