சுகப்பிரசவமா, சீசரா? அடுத்த பிள்ளையையும் சேர்த்து யோசியுங்கள்

பிரசவ நாளை மட்டும் வைத்துப் பார்த்தால், வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்கிற சீசர் லேசாகத்தான் தெரியும். திகதி முன்கூட்டியே தெரியும், விடிய விடியக் குத்து இல்லை, தியேட்டருக்குள் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். முதல் பிள்ளை என்றால் சுகப்பிரசவத்துக்கு, வலி சரியாகப் பிடித்த பிறகும் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகலாம். "என்னால ஏலாது, வெட்டியே எடுக்கட்டும்" என்று சொல்கிற பிள்ளைகளைப் பிழை சொல்ல மாட்டேன். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் கணக்கு அந்த ஒரு நாளோடு முடிவதில்லை.

சீசரில் வலி பிந்தி வருகிறது, அவ்வளவுதான். முதுகை வளைத்து உட்காரவைத்து நாரியில் ஊசி போடுவார்கள். கீழ்ப்பாதி மரத்துவிடும். வெட்டுவது தெரியாது, உள்ளே இழுபடுவது மட்டும் தெரியும். மரப்பு விட்ட பிறகு கட்டிலை விட்டு முதன்முதலாக இறங்குவது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். ஒரு பக்கமாகச் சரிந்து, கையை ஊன்றி, மெல்ல எழும்ப வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். பாயில் படுத்து, கிணற்றில் அள்ளிக் குளிக்கிற வீட்டில் சில கிழமைக்கு இன்னொருவர் கை கட்டாயம் தேவை. சுகப்பிரசவம் சிக்கலில்லாமல் நடந்தால் பெரும்பாலும் அடுத்த நாளே வீட்டுக்கு வந்துவிடலாம்.

அதற்காகச் சுகப்பிரசவத்தில் காயமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பிறப்புவாசல் கிழியலாம், சிலருக்கு வெட்டித் தையல் போடுவார்கள். கிழிசல் மலவாசல் தசை வரை போவது குறைவு, போனால் பெரிய துன்பம். தும்மும்போது சலம் கசிவது, பிற்காலத்தில் கர்ப்பப்பை கீழிறங்குவது, இரண்டும் சுகப்பிரசவத்துக்குப் பிறகுதான் கூடுதல். இந்த இடத்தில் சீசர் பக்கம் நியாயம் இருக்கிறது. எத்தனையோ தாய்மார் வெட்கத்தில் இதை வெளியே சொல்வதே இல்லை. மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் பலருக்குக் குணம் கிடைக்கிறது.

இரத்த இழப்பு, புண்ணில் கிருமி, காலில் இரத்தம் கட்டுவது மூன்றும் சீசரில் கூடுதல். இலங்கை அரச வைத்தியசாலையில் சுகப்பிரசவம், சீசர் இரண்டுமே இலவசம் என்பதால் காசு ஒரு காரணமாக வராது. பிள்ளையின் நுரையீரலில் உள்ள நீர் வேகமாக வற்றுவது பிரசவ வலி தொடங்கும்போதுதான். ஆகவே வலி வராமல், 39 கிழமைக்கு முன்னரே எடுத்தால் மூச்சுத் திணறல் வரும் வாய்ப்புக் கூடுகிறது. நல்ல நேரம், நட்சத்திரம் பார்த்து முந்திய திகதி கேட்கிற குடும்பங்கள் இதைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய விசயம் அடுத்த பிள்ளைதான். நம் மட்டக்களப்புப் பக்கத்தில் மூன்று, நான்கு பிள்ளை வேண்டும் என்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கர்ப்பப்பையில் சீசர் தழும்பு இருந்தால், அடுத்த முறை நச்சுக்கொடி அந்த இடத்திலேயே ஒட்டி வேர்விடலாம். அப்போது பெருக்கெடுக்கும் இரத்தத்தை நிறுத்தக் கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம். ஒவ்வொரு சீசரோடும் இந்த ஆபத்து ஏறிக்கொண்டே போகும். ஆகவே முந்திய சீசர் உள்ள தாய், தியேட்டரும் இரத்தமும் தயாராக உள்ள இடத்தில்தான் பெற வேண்டும். மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ இருப்பவர்களுக்கு அது பக்கம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வழி இலகுவானது உண்மை. ஆனால் மாரி வெள்ளத்தில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் இன்றும் தோணிதான். கார்த்திகை, மார்கழியில் நாள் குறித்திருந்தால் முன்கூட்டியே நகரத்து உறவினர் வீட்டுக்கு வந்து நில்லுங்கள்.

முதலாவது சீசர் என்றால் மிச்சமெல்லாம் சீசர்தான் என்பதும் சரியில்லை. பொருத்தமான தாய்மார் முயன்றால் ஏறத்தாழ நாலில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவம் சரிவருகிறது. கர்ப்பப்பைத் தழும்பு பிரிந்து கிழிவது சுமார் 200 பேரில் ஒருவருக்கு. முதல் சீசர் ஏன் செய்தார்கள் என்பதைக் கேட்டு எழுதி வாங்கி, கிளினிக் அட்டையோடு பத்திரமாக வையுங்கள்.

நச்சுக்கொடி வாசலை மறைத்தால், பிள்ளை குறுக்கே கிடந்தால், தொப்புள்கொடி முன்னால் வழுகி வந்தால் ஒப்பீடு பேச நேரமில்லை. பிள்ளையின் துடிப்பு விழுந்தாலும் அப்படித்தான். "மகன் கட்டாரில நிக்கிறான், கேட்டுச் சொல்றம்" என்று மாமியார் போனைத் தேடுகிற ஒவ்வொரு நிமிடமும் பிள்ளைக்கு நட்டம். கையெழுத்து தாயுடையது, அவ போடட்டும்.

சுறா வறை, முருங்கையிலை, சரக்குக் கறி எல்லாம் இரண்டு தாய்க்கும் ஆகும். சீசர் காயம் காயாது என்று தண்ணியைக் குறைக்கிற பழக்கத்தை மட்டும் விடுங்கள். மலம் இறுகும், இரத்தம் கட்டும் ஆபத்தும் கூடும். காய்ச்சல், காயத்தில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கூடுதலான இரத்தப்போக்கு, இதில் எது வந்தாலும் 31ஆம் நாள் துடக்குக் கழிவு முடியட்டும் என்று பார்த்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.