ஆர்.இ.எம். குழுவின் ‘மர்மர்’: பல வருடம் கேட்ட பிறகு

கல்லூரிக் காலத்தில் எனக்குப் பிடித்திருந்த ராக் ஆல்பங்களில் பாதிக்கு மேல் இப்போது முழுதாகக் கேட்க முடிவதில்லை. பாட்டுகள் மோசமில்லை, ஒலிதான் பழசாகிவிட்டது. எண்பதுகளின் அந்த எதிரொலிக்கும் டிரம்ஸும் பளபளக்கும் சிந்தசைசரும் (மின்னணு ஒலி எழுப்பும் கீபோர்டு) வந்தால் போதும், ஆல்பம் எந்த வருடத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ‘மர்மர்’ மட்டும் இன்றுவரை அப்படி ஆகவில்லை. கேசட், சிடி, ஹெட்போன் என்று எல்லாவற்றிலும் கேட்டாயிற்று. இது ஏன் தேயவில்லை என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: வேண்டாம் என்று ஆர்.இ.எம். குழுவின் நால்வரும் ஒதுக்கியவைதான் இந்த ஆல்பத்தைக் காப்பாற்றியிருக்கின்றன.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் 1980இல் தொடங்கிய குழு இது. பாட்டு மைக்கேல் ஸ்டைப், கிட்டார் பீட்டர் பக், பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டார்) மைக் மில்ஸ், டிரம்ஸ் பில் பெர்ரி. 1981இல் ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ என்று ஒரு சிங்கிள் (தனிப்பாட்டு வெளியீடு), 1982இல் ‘க்ரானிக் டவுன்’ என்று ஐந்து பாட்டு கொண்ட ஒரு தட்டு. ‘மர்மர்’தான் முதல் முழு ஆல்பம். 1983 ஏப்ரலில் ஐ.ஆர்.எஸ். நிறுவனம் வெளியிட்டது.

அதைப் பதிவு செய்வதற்கு முன்னால் நடந்த கதை முக்கியம். நிறுவனம் முதலில் ஸ்டீபன் ஹேக் என்ற தயாரிப்பாளரிடம் அனுப்பியது. ‘கேட்டபல்ட்’ பாட்டைத் துல்லியம் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார், பிறகு அதன் மேல் கீபோர்டும் சேர்த்தார். குழுவுக்கு அது சரிப்படவில்லை. ‘க்ரானிக் டவுன்’ செய்துகொடுத்த தயாரிப்பாளர் மிட்ச் ஈஸ்டர்தான் வேண்டும் என்று நின்றார்கள். ஈஸ்டரும் சக தயாரிப்பாளர் டான் டிக்சனும் சோதனையாக ‘பில்கிரிமேஜ்’ பாட்டைப் பதிவு செய்துகாட்ட, நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1983இன் தொடக்கத்தில் வட கரோலினாவின் ஷார்லட் நகரில், ரிஃப்ளெக்‌ஷன் ஸ்டூடியோவில் வேலை நடந்தது. கிட்டார் சோலோ (கிட்டார் மட்டும் முன்னால் வந்து வாசிக்கும் பகுதி) கிடையாது, அப்போது எல்லோரும் பயன்படுத்திய சிந்தசைசர் கிடையாது என்று குழு முன்பே முடிவு செய்திருந்தது. இருபது வயதுகளில் இருந்த பையன்கள், கையில் பேரும் இல்லை பணமும் இல்லை, அந்த நிலையில் இப்படி நின்றார்கள் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

சரி, கேட்க எப்படி இருக்கிறது?

முதலில் கேட்பவர்களை மலைக்க வைப்பது ஸ்டைப்பின் குரல். என்ன பாடுகிறார் என்று பாதி இடங்களில் பிடிபடாது. ஸ்டூடியோவுக்குப் பக்கத்துப் படிக்கட்டில், இருட்டில் நின்று பாடிப் பதிவு செய்தாராம். அந்தக் குரல் கிட்டாருக்கு மேலே வராமல் அதன் நடுவிலேயே கலந்து நிற்கிறது. அட்டையிலும் வரிகள் இல்லை. ஆர்.இ.எம். ஒரு ஆல்பத்தின் எல்லா வரிகளையும் அச்சிட்டது 1998இல் வந்த ‘அப்’பில்தான் முதல்முறை. நானும் ஆரம்பத்தில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதிப்பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். வரி புரியாமலே ‘பெர்ஃபெக்ட் சர்க்கிள்’ மனதைக் கலக்குகிறது, அது போதும். பாட்டின் பொருள் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அப்புறம் அதை அந்தப் பொருளோடு மட்டும்தான் கேட்போம். இங்கே அந்தக் கதவு மூடவே இல்லை. இருபதில் காதலாகக் கேட்ட பாட்டு, அப்பா போன பிறகு வேறொன்றாகக் கேட்டது.

காலம் போகப்போக என் காது போய் நின்ற இடம் மைக் மில்ஸின் பேஸ். பக் கிட்டாரில் தந்தி தந்தியாகப் பிரித்து மீட்டுவதுதான் முதலில் கவனத்தை இழுக்கும். ஆனால் பாட்டின் மெட்டை நகர்த்துவது பேஸ். ‘சிட்டிங் ஸ்டில்’ அல்லது ‘ஷேக்கிங் த்ரூ’வை எடுத்துக்கொண்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், அதுவே இன்னொரு பாடகர் மாதிரி ஓடும். போதாததற்கு மில்ஸின் பின்குரலும் சேர்கிறது. பிற்காலத்தில் இந்தக் குழு உலகப் புகழ் பெற்றபோது பலரும் ஸ்டைப்பைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

‘பெர்ஃபெக்ட் சர்க்கிள்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இசை பெரும்பாலும் டிரம்மர் பெர்ரியின் கற்பனை. பெர்ரியும் மில்ஸும் ஒரே பகுதியை இரண்டு பியானோக்களில் வாசித்திருக்கிறார்கள். ஒன்று பெரிய கிராண்ட் பியானோ, மற்றது தந்தியைத் தட்டும் சுத்திகளில் உலோகம் பொருத்தியதால் கணகணவென்று ஒலிப்பது. இரண்டும் ஒட்டியும் ஒட்டாமலும் போகும் அந்த இடைவெளியில்தான் பாட்டின் துக்கம் இருக்கிறது. நல்ல ஹெட்போனில் கேட்டால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். ‘டாக் அபவுட் த பேஷன்’ பாட்டில் வரும் செல்லோவும் அப்படியே, அளவாக வந்து அளவாகப் போய்விடும்.

குறைகள் உண்டு. ‘வீ வாக்’ எனக்கு இன்றும் ஒட்டவில்லை, சிறுவர் பாட்டு மாதிரி சுற்றிச்சுற்றி வருகிறது. அதில் இடி போலக் கேட்பது பில்லியர்ட்ஸ் பந்துகள் மோதும் சத்தத்தை மெதுவாக்கியது என்பது மட்டும் சுவாரசியம். ‘9-9’ வேறு மனநிலையில் இருக்கும்போது எரிச்சலூட்டும். இன்னொன்று, ஃபோனின் சொந்த ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். பேஸ் காணாமல் போய், மெல்லிய கிட்டாரும் முணுமுணுப்பும் மட்டும் மிஞ்சும். பிடிக்கவில்லை என்று சொன்ன நண்பர்களில் பலர் அப்படிக் கேட்டவர்கள்தான்.

விற்பனையும் பிரமாதமில்லை, அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 36ஆம் இடம் வரைதான் போனது. ஆனால் யூ2வின் ‘வார்’, தி போலீஸின் ‘சின்க்ரானிசிட்டி’ எல்லாம் வெளிவந்த அதே 1983இல், ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் விமர்சகர்கள் ஆண்டின் சிறந்த ஆல்பமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று கேட்பார்கள். 2008இல் 25ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தது, ஒலியைத் திருத்தி, டொரொண்டோவில் 1983 ஜூலையில் நடந்த கச்சேரியையும் சேர்த்து. அந்தக் கச்சேரிக்காகவே வாங்கலாம். ஸ்டூடியோவில் மூடிவைத்ததை மேடையில் எவ்வளவு வேகமாக, முரட்டுத்தனமாக வாசித்தார்கள் என்பது புரியும். ஆல்பத்தை மட்டும் கேட்க எனக்குப் பழைய சிடியே பிடிக்கிறது. திருத்திய ஒலி தெளிவாக இருக்கிறது, ஆனால் அந்த மங்கலான ஆழம் என் காதுக்குக் கொஞ்சம் குறைகிறது.

புதிதாகக் கேட்பவர்கள் ‘பில்கிரிமேஜ்’, ‘லாஃபிங்’, ‘டாக் அபவுட் த பேஷன்’ மூன்றையும் அதே வரிசையில் ஒரு வாரம் கேளுங்கள். பிடித்துவிட்டால் அடுத்தது 1984இல் வந்த ‘ரெக்கனிங்’. ஸ்டூடியோவும் தயாரிப்பாளர்களும் அதேதான், கதவுகளை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறார்கள்.