ஃபிர்ம்ஸ் தீ எச்சரிக்கைச் சேவை: சாயல்குடிப் பனங்காட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

நாசா இலவசமாக வழங்கும் ‘ஃபிர்ம்ஸ்’ தீ எச்சரிக்கைச் சேவையை, இராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடுகளைக் கண்காணிக்கும் எங்கள் ஊர் இளைஞர்களுக்காகப் பதிவுசெய்து, ஒரு கோடை முழுவதும் பயன்படுத்தினோம். வரைபடத்தில் எல்லையைக் குறித்து, மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் போதும். பிளஸ் டூ மாணவி ஒருத்தி கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாள்.

செயற்கைக்கோள் தீயைப் பார்த்த சுமார் 3 மணி நேரத்துக்குள் தகவல் வெளியாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் காவோலையும் சீமைக்கருவேல முள்ளும் சருகாய்க் கிடக்கும் இடத்தில், கச்சான் காற்று வீசும் பிற்பகலில், 3 மணி நேரம் என்பது ஒரு தோப்பே கருகிப்போகும் நேரம். மேலும் செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் கருவியின் படப்புள்ளி (படத்தின் ஒரு புள்ளி காட்டும் நிலத்தின் அகலம்) 375 மீட்டர், மோடிஸ் கருவியுடையது 1 கிலோமீட்டர் என்பதால், வரைபடத்தில் தெரியும் சிவப்புப் புள்ளி தீ எரியும் இடத்தைத் துல்லியமாகக் காட்டாது. குப்பைத் தீ போன்ற சிறியவை தப்பிவிடவும் கூடும்.

ஆகவே பழைய தகவல்களைப் பார்த்து, எந்தப் பகுதி அடிக்கடி எரிகிறது என்று கண்டறியவே இதை அதிகம் பயன்படுத்தினோம். அந்த இடங்களில் பையன்கள் மாசியிலேயே மரத்தடிக் காவோலைகளை இழுத்து அகற்றி, வண்டிப்பாதையோரம் மண் தெரியச் செதுக்கினார்கள். (பதநீர் இறக்கும் பெரியவர்கள் புகையைக் கண்டு கொடுக்கும் குரல் இன்றும் மின்னஞ்சலை முந்திவிடுகிறது.) பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் வரைபடம் பார்ப்பதோடும் தீயணைப்புத் துறையின் 101-ஐ அழைப்பதோடும் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. தமிழில் எச்சரிக்கை வராததே பெருங்குறை.