பழைய கார் வாங்கப் போகிறீர்களா? இன்ஜின் சூடாக இருந்தால் அன்றைக்கு வாங்காதீர்கள்

மூன்று மாதத்துக்கு முன்னால் 11 வருடம் ஓடிய ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். இன்றைக்கு அது ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிப் போட்ட நிலையில் நிற்கிறது. விற்றவர் பெயரை எழுதப் போவதில்லை. நான் எங்கே கோட்டைவிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன், வண்டி பார்க்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோதே வண்டி ஸ்டார்ட் செய்து நின்றது. "நீங்க வர்றீங்கன்னுதான் ஏசி போட்டு வெச்சேன்" என்றார். நல்ல மனிதர் என்று நினைத்துவிட்டேன். உண்மையில் சூடான இன்ஜின் நிறைய குறைகளை மூடி மறைத்துவிடும். ரேடியேட்டர் மூடியையும் திறக்க முடியாது, இன்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்ட் கொதித்துக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உதறியது, பின்னால் வெள்ளைப் புகை. குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் ஆவி வருவது சகஜம்தான், ஆனால் இது நிற்கவே இல்லை, இனிப்பு மாதிரி ஒரு வாடை வேறு. அப்புறம்தான் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகிப் பார்த்தேன். அடியில் வெண்பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி அப்பியிருந்தது. ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போய் ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கிறது என்றார் மெக்கானிக். சில வண்டிகளில் குறைந்த தூரமே ஓட்டினாலும் மூடியில் ஈரம் சேர்ந்து இப்படித் தெரியுமாம், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் ஆயில் பார்க்கிற கம்பியையும் (டிப்ஸ்டிக்) கூலன்ட் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

என்னை உண்மையிலேயே உலுக்கியது அடுத்த விஷயம். மீட்டர் போர்டைக் கழற்றினால் இன்ஜினில் கோளாறு இருந்தால் எரிகிற செக் இன்ஜின் விளக்கின் மேல் சின்னதாக ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், இன்ஜின் ஓடாதபோதே, அந்த விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கைவைத்திருக்கலாம். இரண்டு நொடி வேலை, நான் கவனிக்கவில்லை. விளக்கு ஒழுங்காக எரிந்தாலும் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கிற ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தக் கோளாறுப் பதிவுகளைக் காலையில் அழித்துவிட்டு மாலையில் வண்டியைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓடிய தூரமும் பொய். மீட்டரில் 62,000 கிலோமீட்டர், ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு தெரிந்தது. பழைய ஆயில் மாற்றிய அட்டை ஒன்று டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது, அதில் 1,18,000 என்று எழுதியிருந்தது. சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டது என்று அவர் சொன்னபோதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

டயரில் பட்டன் (தரையில் படுகிற பகுதியின் வரிப்பள்ளம்) ஆழத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3517 என்றால் 2017-இன் 35-வது வாரம் செய்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும்.

அடுத்த முறை முன்கூட்டியே போன் செய்து, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக்கோடு பகல் வெளிச்சத்தில் போகப் போகிறேன். போனதும் முதலில் பானெட் மேல் கையை வைப்பேன். சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருப்பேன், அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் திரும்பி வந்துவிடுவேன்.