காலியாக வந்த ரோலை லேபிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்

"உங்க ரோல்ல ஒண்ணுமே விழல சார். ஃபிலிம் ஸ்பூல்ல மாட்டவே இல்ல போல." லேப்காரர் இப்படிச் சொன்னதும் நம்பிவிட்டேன். ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஃபிலிமின் நுனி, அதைச் சுற்றி இழுக்கும் ஸ்பூல் உருளையில் சரியாகப் பிடிக்காமல், 36 படமும் எடுத்துவிட்டதாக நினைத்து வெறும் க்ளிக் சத்தம் கேட்டுக்கொண்டிருப்போம். நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன். சரி, இரண்டு தடவை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இந்த ரோலில், லீவரைத் தள்ளும்போதெல்லாம் இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் சுற்றியதை நானே பார்த்தேன். குமிழ் சுற்றினால் உள்ளே ஃபிலிம் நகர்கிறது என்று அர்த்தம். அப்பா தன் பழைய கைக்கடிகாரத்தைப் பிரித்து மேஜைமேல் பரப்பிவைத்திருந்த ஒரு மதியம் முழுக்க அந்த ரோலில்தான் இருந்தது.

மறுநாள் போய் நெகட்டிவைக் கேட்டேன். "காலி ஃபிலிம் எதுக்கு சார், குப்பையில போட்டாச்சு." அங்கிருந்தே எடுத்துக் கொடுங்கள் என்று நகராமல் நின்றேன். வெட்டாத முழுச் சுருளாகக் கிடைத்தது.

வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. படம்தான் இல்லையென்றால், ஓரத்திலும் ஒன்றுமில்லை. நான் போட்டது இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ், கறுப்பு வெள்ளை. துளைகளை ஒட்டி ஃபிலிமின் பெயரும் படத்தின் எண்களும் வரிசையாக வந்திருக்க வேண்டும். அவற்றைத் தயாரிக்கும்போதே ஒளியால் பதித்துவிடுகிறார்கள். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலில் படங்களோடு சேர்ந்து அவையும் தெரியவரும். என் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எழுத்து இருந்து படம் மட்டும் இல்லையென்றால் தவறு பெரும்பாலும் நம் பக்கம்: ஃபிலிம் மாட்டவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. சுருள் முழுக்கக் கறுத்திருந்தால் எங்கோ வெளிச்சம் புகுந்திருக்கிறது. எழுத்தும் சேர்ந்தே காணோம் என்றால் கழுவியதில்தான் கோளாறு.

இன்னொரு சாட்சியும் இருந்தது. ரோலை மாட்டும்போது கேமராவின் பின்கதவு திறந்திருக்குமே, அப்போது வெளிச்சம் பட்ட முதல் சில அங்குலம் கன்னங்கரேலென்று வரவேண்டும். அதுவும் கண்ணாடிதான்!

சுருளை மேஜைமேல் விரித்து ஓரத்தைக் காட்டினேன். அவர் உள்ளே போய் யாரிடமோ மெதுவாகப் பேசிவிட்டு வந்தார். டெவலப்பர் செத்துப்போயிருந்ததா, அதற்குப் பிறகு ஊற்ற வேண்டிய ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டார்களா, கடைசிவரை சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, புது ரோல் ஒன்றை நீட்டினார். வாங்கிக்கொண்டேன், பெருந்தன்மை காட்டும் மனநிலையில் நான் இல்லை.

தவறு யாருக்கும் நேரும். பழியைத் தூக்கி என் தலையில் போட்டதும், சாட்சியைக் குப்பையில் போட்டதும்தான் எனக்கு ஆறவில்லை. ஸ்கேன் மட்டும் அனுப்பினால் போதும் என்பவர்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. ரோலைக் கொடுக்கும்போதே, காலியாக வந்தாலும் நெகட்டிவ் வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். புது லேப் என்றால் முக்கியமில்லாத ரோல் ஒன்றை முதலில் அனுப்பிப் பாருங்கள். இப்போது நானே ஃபிலிம் கழுவும் டேங்க் வாங்கிக் கழுவ ஆரம்பித்துவிட்டேன். கறுப்பு வெள்ளை ரோலின் லீடரில், அதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முன்நுனியில், ஒரு துண்டை வெட்டி, வெளிச்சத்திலேயே டெவலப்பரில் நனைப்பேன். சில நிமிடத்தில் கறுத்தால்தான் அதில் ரோலை இறக்குவேன்.

அந்தக் காலிச் சுருளை இன்னும் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு டேங்க் ரீலில் ஃபிலிம் ஏற்றிப் பழக, அதைவிடத் தோதானது வேறு கிடைக்காது.