ரப்பர் சப்பாத்தும் நடைபாதை உப்பும்: சில குளிர்காலங்களுக்குப் பிறகு

குளிர்காலம் முடியும் தறுவாயில் நாய்களுக்கான ரப்பர் சப்பாத்துகளின் விலை பாதியாக இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, புதிதாக நாய்க்குட்டி வளர்க்கத் தொடங்கியுள்ள நண்பர் ஒருவர் வாங்கலாமா என்று கேட்டார். ரொறன்ரோவில் எங்கள் பீகிள் இன நாய்க்குச் சில குளிர்காலங்களாக இவற்றையே அணிவித்து வந்தும், அவருக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பலூனைப் போன்ற இந்த மெல்லிய உறை கிழியாதவரை, பனிக்கட்டியை உருக்க நடைபாதையில் தூவும் உப்பைப் பாதத்தில் அண்டவிடுவதில்லை. தடித்த அடியுள்ள சப்பாத்துகளைப் போட்டால் காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தடுமாறிய நாய், இதில் தரையை உணர்ந்து இயல்பாக நடக்கிறது. நடுவழியில் நின்று ஒரு காலை மடக்கிக்கொண்டு என்னைப் பார்க்கும் வழக்கமும் அடியோடு போய்விட்டது.

எரிச்சல் வேறிடத்தில் இருக்கிறது. சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, ஏறத்தாழ மைனஸ் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே பனிக்கட்டியை உருக்கத் திணறும். அதனால் கடுங்குளிர் நாட்களில் பலர் தம் வாசலில் கால்சியம் குளோரைடைத் தூவுகிறார்கள். ஈரம் பட்டதும் வெப்பத்தை வெளியிட்டுக் கரையும் அந்த மணிகள் விரல் இடுக்கில் சிக்கினால் தோலைப் புண்ணாக்கிவிடும். சப்பாத்து மிக அவசியப்படும் அந்த நாளில்தான், குளிரைத் தாங்கும் உள்ளுறை இல்லாத இந்த ரப்பர் கைவிடுகிறது. வெப்பக்காப்பு உண்டென்று பொதியில் எங்கும் எழுதப்படவில்லை என்பதால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, ஆனாலும் கோபம் வருகிறது. இறுகிய வாயை விரித்து நான்கு கால்களையும் நுழைப்பதற்குள் எங்கள் இருவருக்குமிடையே பேச்சுவார்த்தை முறிந்துவிடுவது தனிக்கதை.

இத்தனைக்கும் பிறகு, கழுவும் வேலை மிஞ்சுகிறது. வயிற்றில் தெறிக்கும் உப்புச் சேற்றை எந்தச் சப்பாத்தும் தடுக்காது. அதை நாய் நக்கி விழுங்குவதே பெரிய ஆபத்து, அளவு மிகுந்தால் வாந்தியும் அடங்காத தாகமும் வரும், வலிப்புவரை போகலாம். எனவே வீடு திரும்பியதும், பாதத்தில் வியர்க்கும் நாயின் சப்பாத்தை உடனே கழற்றி, விரல் இடுக்குகளையும் வயிற்றையும் இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடைத்தே ஆகவேண்டும். செல்லப்பிராணிகளுக்குப் பாதுகாப்பானது என்று அச்சிட்ட, பெரும்பாலும் யூரியா கலந்த பைகளை நம் வாசலுக்கு வாங்கலாம்தான். அதையும் நாய் தின்னக்கூடாது, தவிரவும் அடுத்த வீட்டு வாசலில் என்ன கிடக்கும் என்பது நம் கையில் இல்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். வாங்காதீர்கள், புறப்படுமுன் பாதத்தில் பூசும் மெழுகுக் களிம்பும், திரும்பியதும் கால் கழுவ வாசலில் ஓர் அகன்ற பாத்திரமும் போதும் என்றே நண்பரிடம் சொன்னேன். கேட்காமல் வாங்குவதானால், நாய் பாரத்தை ஊன்றி நிற்கும்போது பாதத்தின் அகலத்தை அளந்துகொண்டு போகட்டும். எங்கள் நாயின் அளவில் அடுத்த குளிர்காலத்துக்கு இரண்டு பொதிகளை நான் ஏற்கெனவே எடுத்துவிட்டேன்.