35 மிமீ எஃப் 1.8: மட்டக்களப்பு இரவுகளில் நாலு வருசம்

மட்டக்களப்பில் இரவு வாழ்க்கையைப் படமெடுக்கிறேன் என்று சொன்னால் கொழும்பில் வேலை செய்யும் என் மச்சான் சிரிக்கிறான். பத்து மணிக்கு நாய்கூடப் படுத்துவிடுகிற ஊரில் என்னடா இரவு வாழ்க்கை என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கொத்துக் கடை இருக்கிறது, கல்லடிப் பாலத்தில் தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், கொழும்பு பஸ்ஸுக்குப் பெட்டியோடு காத்து நிற்கிற சனம் இருக்கிறது, நோன்பு மாதம் என்றால் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடி விடியவிடிய முழித்திருக்கிறது, ஆடியில் மாமாங்கக் கோயில் திருவிழா வந்துவிடும். எனக்கு அது போதும். இதையெல்லாம் நாலு வருசமாக ஒரே ஒரு லென்ஸால் எடுத்துக்கொண்டு வருகிறேன், அந்த லென்ஸைப் பற்றித்தான் இந்தக் கதை.

35 மிமீ, எஃப் 1.8. எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸின் வாய் பெரிதாகத் திறக்கும், வெளிச்சம் கூட வரும். எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள். பெரிய கம்பனிகள் பலதும் இப்படி ஒன்றைச் செய்கின்றன, நான் சொல்லப்போகிற நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும். கமரா பழைய 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், ஏபிஎஸ்-சி என்கிற சின்ன சென்சர், அதனால் இந்த 35 பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃபிரேமில் 50 மிமீ பார்க்கிற மாதிரிப் பார்க்கும். 2021 கடைசியில் சீட்டுக்காசு எடுத்து வாங்கினேன். அப்போது டொலர் 200 ரூபா. அடுத்த மே மாதம், பொருளாதார நெருக்கடியில், அது 360 ஆனபோது, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான நேரத்தில் ஒரு சாமான் வாங்கியிருக்கிறேன் என்று மனிசியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை, காஸ் சிலிண்டர் வரிசையில் நிற்கப் போய்விட்டா.

கமராவோடு வந்த 18-55 லென்ஸ் 35இல் நிற்கும்போது எஃப் 4.5 அளவுக்குத்தான் திறக்கும். 1.8 என்றால் அதைவிட ஆறு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். இந்தக் கணக்கில்தான் மயங்கினேன். முதல் ஆறு மாதமும் 1.8ஐ விட்டு இறங்கியதே இல்லை. அந்தப் படங்களில் பாதியை இப்போது பார்க்க வெட்கமாக இருக்கிறது. ஆள் ஒன்றரை மீற்றரில் நின்றால் ஃபோகஸ் ஆழம், அதாவது தெளிவாக விழுகிற பகுதி, 13 சென்ரிமீற்றர் அளவுதான், அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. இன்னும் கிட்டப் போனால் மூக்கு தெளிவு, கண் மங்கல். இருட்டில் ஓட்டோ ஃபோகஸும் தடுமாறும், அதிலும் நடுப் புள்ளியை விட்டு ஓரப் புள்ளிக்குப் போனால் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குள் சிரித்த ஆள் சிரித்து முடித்துவிடுவார். நான் இப்போது நடுப் புள்ளியை மட்டும் வைத்து, முகத்துக்குச் சமமான தூரத்தில் இருக்கிற பெயர்ப்பலகை விளிம்பு, சட்டைக் கொலர் என்று கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற இடத்தில் பிடித்துவிட்டு, பிறகு கமராவைத் திருப்புகிறேன். ஃபோகஸுக்கு உதவ கமராவின் முன்னால் எரிகிற அந்தச் சின்ன லைற்றை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். அது எரிந்தால் தெருவே உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

1.8இல் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. படத்தின் மூலைகளில் இருக்கிற தெரு லைற்றுகள் புள்ளியாக வராமல் சிறகு விரித்த கொக்கு மாதிரி வரும், ஓரத்தில் ஊதாக் கரையும் கட்டும். 2.5க்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். ஆக, 1.8க்காகக் காசு கொடுத்து வாங்கிவிட்டு 2.5இல் படமெடுத்துக்கொண்டு திரிகிறேன். மச்சானிடம் இதைச் சொல்லவில்லை.

சரி, கொத்துக் கடைக்கு வருவோம். என்னுடைய படிப்பெல்லாம் அங்கேதான் நடந்தது. பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட ஒரு கடை, கொத்துப் போடுகிற இரும்புக் கல்லை ரோட்டுப் பக்கம் வைத்திருக்கிறார்கள், மேலே மூன்று எல்ஈடி ரியூப். கொத்துப் போடுகிற அண்ணன் இரண்டு தகட்டையும் ஓங்கி அடிக்கும்போது ரொட்டித் துண்டு பறக்கிறதை அப்படியே நிறுத்திப் பிடிக்க வேண்டும் என்று ஷட்டரை 1/250 செக்கனில் வைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு, மூன்றாவதில் மேல் பாதி ஒரு நிறம் கீழ்ப் பாதி இன்னொரு நிறம். புது லென்ஸ் பழுது என்று நினைத்து இரண்டு நாள் நித்திரையில்லை. பழி லென்ஸில் இல்லை, கரண்டில். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதில் எரிகிற மலிவான ரியூப் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 1/100 வைத்தால் ஒரு துடிப்பு முழுதாக உள்ளே வரும், 1/50 வைத்தால் இரண்டு. அன்றையிலிருந்து ஊருக்குள் எனக்கு இரண்டே ஷட்டர் வேகம்தான். 1/100, எஃப் 2.5, ஐஎஸ்ஓ (சென்சர் வெளிச்சத்தைப் பெருக்குகிற அளவு) 3200 என்று வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடக்கலாம். தகடு கோடாக இழுபடும், முகம் நிற்கும். பறக்கிற ரொட்டித் துண்டு ஆசையை விட்டுவிட்டேன்.

அந்த அண்ணன் நான் நாலைந்து நாள் வந்து நின்று மேலேயே அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் தானாகவே கேட்டார்: "தம்பி, இந்த லைற்ற நூக்கட்டா?" தலைக்கு நேரே இருந்த ரியூப்பை நூர்த்தார், அதாவது அணைத்தார். கண் குழிக்குள் விழுந்துகொண்டிருந்த கறுப்பு நிழல் போய்விட்டது, அடுப்பு நெருப்பின் சிவப்பு தாடையிலும் கழுத்து வேர்வையிலும் ஏறியது. வெளிச்சத்தைக் குறைத்துத்தான் அந்தப் படம் கிடைத்தது. அவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன், தலைக்கு மேல் ரியூப் எரிந்தால் இரவு பதினொரு மணிக்குக் கண் எரியும் என்றார், அவ்வளவுதான். மறுகா ஒரு பார்சலும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

1.8 உண்மையிலேயே தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது. கடைக்குள் மெழுகுதிரி, வெளியே போன் ரோர்ச், இடைக்கிடை ஒரு மோட்டார் சைக்கிள் லைற். ஒரு பார்மசியில் மருந்துத் துண்டை மெழுகுதிரிக்குக் கிட்டப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்த பிள்ளையை 1.8, 1/50, ஐஎஸ்ஓ 6400இல் எடுத்தேன். மணல் தூவின மாதிரி நொய்ஸ். இருந்தாலும் நாலு வருசத்தில் பெரிதாக்கி வீட்டுச் சுவரில் மாட்டிய ஒரே படம் அதுதான். ஜெனரேட்டர் ஓடின கடைகளில் மட்டும் என் 1/100 வித்தை பலிக்கவில்லை, பழைய ஜெனரேட்டர் 50 ஹேர்ட்ஸில் ஒழுங்காக நிற்காது, அதனால் பட்டை வந்துகொண்டே இருந்தது. நொய்ஸ் பற்றி ஒரு சொல்: பயந்து ஐஎஸ்ஓ 800இல் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் தூக்கி விடாதீர்கள். என் கமராவில் 3200இல் சரியான வெளிச்சத்தோடு எடுத்தது எப்போதும் அதைவிடச் சுத்தமாக இருக்கிறது. கமரா சென்சர் பிடித்ததை அப்படியே சேமிக்கிற ரோ கோப்பாக எடுங்கள், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மாமாங்கத் திருவிழாவில் வேறு பாடம். தீர்த்தம் ஆடி அமாவாசையில், அதனால் கடைசி இரவுகளில் நிலவு உதவிக்கு வராது. கச்சான் கடையும் வளையல் கடையும் மஞ்சள் குண்டு பல்பில் நன்றாக வரும், பிரச்சினை சோடினை லைற்தான். நீல எல்ஈடி முகத்தில் விழுந்தால் கமரா மொத்த வெளிச்சம் சரி என்கிறது, ஆனால் நீலம் மட்டும் நிரம்பி வழிந்துவிடும், கன்னம் நீல மை கொட்டின தாள் மாதிரி ஆகிவிடும், ரோவிலும் மீட்க முடியாது. முக்கால் ஸ்ரொப் (ஒரு ஸ்ரொப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுக்கிறேன், அதுவும் முடியாவிட்டால் கறுப்பு வெள்ளை. கூத்து இன்னும் கடினம். வட்டக்களரி என்கிற வட்ட மேடையைச் சுற்றி ஆடும்போது உடுப்பில் பதித்த கண்ணாடித் துண்டுகள் லைற்றைப் பிடித்து அடிக்கும், கமராவின் வெளிச்சம் அளக்கிற மீற்றர் ஏமாந்து முழுப் படத்தையும் இருட்டாக்கும். மனுவலில் வைத்துவிட்டு, கூத்தை நடத்துகிற அண்ணாவியாரின் மத்தளத்தைக் கேளுங்கள், தாளம் ஏறும்போது 1/15க்கு இறக்கி ஆட்டத்தோடு சேர்ந்து சுழற்றினால் பத்தில் ஒன்று தேறும். ஒன்பது போகும். போகட்டும்.

பாலத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தில் முக்காலி வைத்தால் யாராவது வேகமாக நடந்து போனாலே அதிரும், ஆள் கடக்கும்வரை பொறுத்துத்தான் அமுக்க வேண்டும். எஃப் 8, பத்துச் செக்கன் வைத்தால், 2013இல் திறந்த பக்கத்துப் புதுப் பாலத்தின் லைற்றுகள் நட்சத்திரமாக விரியும், என் லென்ஸின் உள்ளே வாயைச் சுருக்குகிற ஏழு இதழ், அதனால் பதினாலு கதிர். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள், பௌர்ணமியில் அந்த மீன் பாட்டுக் கேட்கத் தோணியில் போகிறவர்கள் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைப்பார்கள். அதையும் நிலவையும் ஒரே படத்தில் பிடிக்க மூன்று பௌர்ணமி செலவழித்தேன். நடக்கவில்லை. நிலவு என்பது வெயிலில் கிடக்கிற கல், அதற்கு ஐஎஸ்ஓ 100இல் எஃப் 11, 1/100 போதும், தோணியில் இருக்கிற ஆளுக்கோ அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேண்டும். ஆளை எடுத்தால் நிலவு வெள்ளைத் தட்டு. இப்போது நிலவை விட்டுவிட்டுத் தண்ணியில் விழுகிற அதன் பாதையை மட்டும் எடுக்கிறேன்.

போனில் இதைவிட நல்லாய் வருதே என்று கேட்பவர்களுக்கு: வரும். அசையாமல் நிற்கிற கோட்டை மதிலுக்கு போனின் இரவு மோட் என் கமராவை அடித்துவிடும், பல படங்களை ஒன்றாகச் சேர்க்கிறது அது. ஆள் அசைந்தால் பேய். அதோடு அது இரவைப் பகலாக்கிவிடுகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

இந்த லென்ஸில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த நன்மை அதன் அளவு. 200 கிராம் அளவில்தான் இருக்கும், கையில் தொங்கப்போட்டுக்கொண்டு பையில்லாமல் போகலாம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த ஊரில் இரவில் பெரிய பையோடு தனியாக நிற்பதென்றால் என்ன என்று இங்கே இருக்கிறவர்களுக்கு விளங்கும். காத்தான்குடியில் நோன்புக் காலத்து இரவில் ஒரு துணிக்கடை வாசலில் நின்றபோது காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வந்து கமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார், இவ்வளவுதானா என்றார், பொம்புளையாக்கள எடுக்காதீங்க தம்பி என்று சொல்லிவிட்டு, நடு ரோட்டுப் பேரீச்ச மரங்களை எந்தப் பக்கம் நின்று எடுத்தால் நல்லது என்று தானே காட்டினார். பெரிய லென்ஸ் என்றால் அந்தப் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும்.

இனி கெட்ட செய்தி. மூன்றாவது வருச மாரி முடிந்து தை மாதம் லென்ஸைப் போன் ரோர்ச்சுக்குப் பிடித்துப் பார்த்தால், உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி மூன்று நாலு இழை. பங்கசு, அதாவது பூஞ்சணம். பிழை என்னுடையதுதான். வாவிக் காற்று, உப்பு, மூன்று மாத மழை, நான் அதைத் துணிப் பையோடு மர அலுமாரிக்குள் வைத்திருந்தேன். கொழும்பில் ஒரு திருத்துகிற இடத்தில் கேட்டால் லென்ஸின் பாதி விலை சொன்னார்கள், விட்டுவிட்டேன். இப்போது இறுக்கமான மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற ஒரு சின்ன மீற்றர். 45 சதவீதத்தில் நிற்கிறது, இழை வளரவில்லை. அரிசிக்குள் போட்டு வைக்கச் சொல்லுவார்கள், போடாதீர்கள், தவிட்டுத் தூள் ஃபோகஸ் வளையத்துக்குள் போய்விடும். படத்தில் இழை தெரிகிறதா என்றால் சாதாரணமாக இல்லை, ஆனால் நேரே ஒரு ஹெட்லைற் அடித்தால் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆகிறது. ஏசி பஸ்ஸில் இருந்து இறங்கின உடனே கமராவை வெளியே எடுக்காதீர்கள், கண்ணாடி வேர்த்துவிடும், இருபது நிமிசம் பையிலேயே கிடக்கட்டும்.

விற்கிறாயா என்று ஒருவர் கேட்டார். பங்கசைச் சொன்னேன், ஆள் போய்விட்டார். எப்படியும் விற்றிருக்க மாட்டேன்.

பழைய பாலத்தில் தினமும் தூண்டில் போடுகிற ஒரு ஐயா இருக்கிறார். முதல் வருசம் ஒரு இரவு நல்ல கொடுவா ஒன்று பிடித்து, இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, எடு மகன் என்று நின்றார். 1.8இல் எடுத்தேன். முகம் அவ்வளவு அழகு, நரைத்த மீசையில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. பிரின்ற் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லைற் கம்பத்துக்குக் கீழே பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"மீன் எங்க மகன்?"

முன்னால் நீட்டின கொடுவா வெள்ளையாய் ஒரு புகை. போன மாதம் அதே இடத்தில் இரண்டடி பின்னால் போய், எஃப் 4 வைத்து, அவரை லைற்றுக்கு நேரே நிற்கச் சொல்லித் திரும்ப எடுத்தேன். கை, தூண்டில், பாலத்துக் கம்பி எல்லாம் தெளிவு. அன்றைக்கு மீன் படவில்லை.